அன்னைக்கு வந்த மடல்கள்

முதல் உலகப் போர் நடைபெற்ற காலத்தில், இங்கிலாந்துக்கும் பிரான்சு நாட்டுப் போர்முனைக்கும் இடையே இரவும் பகலும் ஓயாது நடந்த பணிகளுள் அஞ்சற்பணியும் ஒன்று. போர் முற்றியிருந்த நாள்களில் வாரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் கடிதங்கள் பிரிட்டிஷ் படைவீரர்களுக்குச் சென்று சேர்ந்தன. வீட்டிலிருந்து வந்த கடிதத்தைச் சேற்றில் நின்றுகொண்டு படித்த வீரன், கிடைத்த தாளில் பென்சிலால் அதற்கு மறுமொழி எழுதினான். அம்மறுமொழிகளில் பெரும்பாலானவை ஒரே தன்மையன. தான் நலமாக இருப்பதாகவும், உணவுக்குக் குறைவில்லை என்றும், வீட்டார் கவலைகொள்ள வேண்டா என்றும் அவன் எழுதுவான். அருகில் நின்ற தோழன் முந்தின நாள் மாண்டதை எழுதமாட்டான். எழுதினால் தாய் உறங்கமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும்.

இவ்வழக்கத்திற்கு மாறாக, கண்டதைக் கண்டவாறே தம் தாய்க்கு எழுதிய இளம் படைத்தலைவர் ஒருவர் இருந்தார். அவரே வில்பிரெட் ஓவென். இருபத்தைந்து ஆண்டுகளே வாழ்ந்த அவரை இன்று ஆங்கிலம் கற்போர் அனைவரும் போர்க்காலக் கவிஞருள் தலைசிறந்தவர் என்று அறிவர். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது அச்சேறிய அவருடைய கவிதைகள் ஐந்தே ஆகும். அந்நாளில் அவருடைய எழுத்துகளை இடைவிடாமல் படித்துவந்தவர் ஒருவரே. அவர் ஷ்ரூஸ்பரி நகரில் மகனுடைய மடலை எதிர்நோக்கியிருந்த அன்னை சூசன் ஓவென்.

வில்பிரெட் ஓவென் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள், வேல்சு நாட்டின் எல்லையை அடுத்துள்ள ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர்க்கு மக்கள் நால்வர். மூத்தவர் வில்பிரெட், அவருக்குப் பின் மேரி, ஹெரால்டு, காலின் என்போர் பிறந்தனர். தந்தையார் டாம் ஓவென் இரயில்வே ஊழியர். இளமையில் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து, பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த இரயில்வேயில் சில ஆண்டுகள் பணிபுரிந்தவர். பிற்காலத்தில் அக்குடும்பம் ஷ்ரூஸ்பரியில் வாழ்ந்த வீட்டிற்கு மாகிம் என்று பெயர். அது பம்பாய் நகரின் ஒரு பகுதிக்கு உரிய பெயராகும்.

பிள்ளை பிறந்த இல்லம் பாட்டனாருக்கு உரியது. வளமனை என்று சொல்லத்தக்க வீடு அது. வில்பிரெட்டுக்கு வயது நான்கு ஆவதற்குள் பாட்டனார் மறைந்தார். வீடு கைவிட்டுப் போயிற்று. அதன்பின் அக்குடும்பம் சிக்கனமாகவே வாழ நேர்ந்தது. பள்ளிப் படிப்பில் வில்பிரெட் ஊக்கம் மிக்கவர். இலண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் வெற்றி பெற்றார். எனினும் உதவித்தொகை பெறும் அளவுக்கு உயர்ந்த வகுப்பில் தேறவில்லை. உதவித்தொகை இன்றிக் கல்லூரியில் சேரும் வசதி வீட்டில் இல்லை. ஆதலின் டன்ஸ்டன் என்னும் சிற்றூரின் பாதிரியாருக்கு உதவியாளராக 1911ஆம் ஆண்டில் சென்றார். மகன் குருமாராக வேண்டும் என்பது சமயப் பற்று மிகுந்த அன்னையின் விருப்பம். ஆனால் அவ்வூர் ஏழை மக்களின் குடிசைகளில் நோயையும் வறுமையையும் நேரிற் கண்ட வில்பிரெட்டுக்கு, தாம் கற்ற சமயக் கோட்பாடுகளில் இருந்த உறுதி தளர்ந்தது. 1913ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பணியை விட்டு விலகினார். பின்பு பிரான்சு நாட்டின் போர்தோ நகருக்குச் சென்று ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரானார்.

எங்கிருந்தாலும் அன்னைக்கு எழுதுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அவர் எழுதிய கடிதங்களுள் இன்று கிடைப்பவை அறுநூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை அன்னைக்கு எழுதப்பட்டவை. மகன் எழுதிய தாள் ஒவ்வொன்றையும் அந்த அம்மையார் எடுத்து வைத்தார். சமயத்தில் தமக்கு ஏற்பட்ட ஐயத்தையும் வில்பிரெட் அன்னையிடம் மறைக்கவில்லை. ஆகவே உள்ளத்தில் உள்ளதை அன்னையிடம் சொல்லும் பழக்கம் போர்க்களத்தில் புதிதாகத் தோன்றியதன்று.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் போர் மூண்டபோது அவர் பிரான்சிலேயே இருந்தார். உடனே தாயகம் திரும்பிப் படையில் சேர அவருக்கு விரைவு இல்லை. ஓராண்டிற்கு மேல் எண்ணிப் பார்த்த பின்னரே, 1915ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் படையிற் சேர்ந்தார். எசெக்ஸ் மாவட்டத்துப் பாசறையில் பயிற்சி பெற்று, 1916ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மான்செஸ்டர் படைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்டு ஆனார். அவ்வாண்டின் இறுதி நாள்களில் கடலைக் கடந்து எத்தாப்பிள் என்னும் ஊரில் இருந்த பெரும் பாசறையை அடைந்தார். தொடக்கத்தில் எழுதிய கடிதங்களில் உற்சாகமே மிகுந்திருந்தது. அடுத்த சில நாள்களிலே நிலைமை முற்றிலும் மாறியது.

1917ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் நடுவில், போமோன் ஹாமெல் என்னும் சிற்றூருக்கு அருகில், இருதரத்துப் பதுங்குகுழிகளுக்கும் இடையே கிடந்த யாருக்கும் உரிமையற்ற நிலத்தில் ஒரு நிலவறையைக் காக்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. இருபத்தைந்து பேர் அதனுள் நெருங்கி அடைந்து கிடந்தனர். தரையில் ஓரடி இரண்டடி ஆழத்திற்கு நீர் நின்றது. மேலே பீரங்கிக் குண்டுகள் இடையறாது விழுந்தன. ஐம்பது மணி நேரம் இவ்வாறு கழிந்தது. பக்கத்துக் காவலிடத்தைப் பார்த்துவர 150 கெச தூரம் செல்ல அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று. காவலாளரை வெளியே நிறுத்தாமல், படிக்கட்டின் பாதியளவில் அவர் நிறுத்திவைத்தார். அவ்வாறு செய்தும், குண்டு வெடித்த வேகத்தில் காவலாள் ஒருவன் கீழே தூக்கி எறியப்பட்டான், கண்ணொளியையும் இழந்தான்.

நிலவறையினின்று மீண்டதும், ஜனவரி 16ஆம் நாள், இவை அனைத்தையும் ஓவென் தம் அன்னைக்கு எழுதினார். முன்னைய நான்கு நாள்களைப் பற்றி அன்னையை ஏமாற்றுவதிற் பயனில்லை என்று தொடக்கத்திலேயே கூறிவிட்டார். அச்சத்தைக்கூட அவர் மறைக்கவில்லை. முழங்காலுக்கு மேல் ஏறிவந்த நீரில் மூழ்கி மாண்டுபோகவும் தாம் ஒருகணம் இசைந்துவிட இருந்ததை எழுதினார். ஒரு மகன் தன்னைப் பெற்றவளுக்கு இப்படி எழுதலாமா என்று கேட்போர் உண்டு. அந்த மடலைப் பெற்ற நாளில் சூசன் அம்மையார் எவ்வாறு உறங்கியிருப்பார் என்று எண்ணினால், அக்கேள்வி எளிதில் தள்ளக்கூடியதன்று. ஆயினும், தமக்குள்ளேயே வைத்துப் புழுங்க இயலாத ஒன்றை அவர் உலகில் ஒருவரிடமாவது சொல்லவேண்டியிருந்தது. அந்த ஒருவராக அவர் அன்னையையே தெரிந்துகொண்டார்.

அடுத்த சில நாள்களில் கடும் பனி பெய்தது. ஒதுங்க நிலவறையும் இல்லாத வெட்டவெளியில் அவரும் அவருடைய வீரரும் பனியின்மேல் படுத்துக்கிடந்தனர். குடிநீர் கலத்திலேயே உறைந்துபோயிற்று. வீரன் ஒருவன் குளிரால் விறைத்தே மாண்டான். இதனையும் பிப்ரவரித் திங்களில் ஷ்ரூஸ்பரி வீடு அறிந்தது. போரின் கொடுமைகளுள் தம்மை மிகவும் வருத்துவது எது என்பதையும் ஓவென் அப்போது விளக்கினார். புதைக்கப்படாமற் கிடக்கும் பிணங்களோடு பகலும் இரவும் அருகருகே அமர்ந்திருப்பதும், ஒரு வாரம் சென்று திரும்பி வரும்போது அவை அங்கேயே அமர்ந்திருக்கக் காண்பதுமே வீரனின் உள்ளத்தை அரிப்பன என்றார். நாட்டில் இருந்தவர்கள் போரைப் புகழ்ந்து பாடல்கள் புனைந்துகொண்டிருந்த காலம் அது.

இங்கே அந்நாளைய கடிதத் தணிக்கையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். சாதாரண வீரன் எழுதிய கடிதத்தை அவனுடைய படைத்தலைவரே படித்துப் பார்த்து, இடப்பெயரோ படையின் நடமாட்டமோ காணப்பட்டால் அடித்துவிட்டுக் கையொப்பமிட்டு அனுப்புவார். ஓவெனும் இப்பணியைச் செய்தவரே. வீரர்கள் தம் மனைவியர்க்கும் தாய்மார்க்கும் எழுதிய ஆறுதல் மொழிகளை நாள்தோறும் படித்தவர் அவர். அம்மொழிகளுக்கும் கண்ணெதிரே கண்ட உண்மைக்கும் இடையே இருந்த தொலைவை அவரைப்போல் அறிந்தவர் சிலரே இருப்பர். மனைவிக்குத் தேறுதல் எழுதிக்கொண்டிருக்கும்போதே குண்டடிபட்டு வீழும் ஒரு வீரனைப் பற்றி அவர் பின்பு ஒரு கவிதையே இயற்றினார்.

படைத்தலைவரின் கடிதமோ பெரும்பாலும் அவருடைய நேர்மையை நம்பியே விடப்பட்டது. அவரும் இருக்கும் இடத்தைக் குறிப்பிடலாகாது. ஆனால் ஓவென் தம் அன்னையோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். போர்முனையில் அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று வழங்கப்பட்டது. நலமாக இருப்பதாகவும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவும், பின்தளத்திற்கு அனுப்பப்படுவதாகவும் பல வாக்கியங்கள் அதில் அச்சாகியிருக்கும். வேண்டாதவற்றை அடித்துவிட்டுக் கையொப்பமிட வேண்டும். வேறு ஒரு சொல்லும் எழுதலாகாது. பின்தளத்திற்கு அனுப்பப்படுவதைக் கூறும் வாக்கியம் இரட்டைக் கோட்டினால் அடிக்கப்பட்டிருந்தால், மகன் முன்னணியிலேயே நிற்கிறான் என்று அன்னை அறிந்துகொள்ள வேண்டும். படைச் சட்டத்தின் கண்கொண்டு நோக்கினால் இது குற்றமே. ஒற்றைக் கோடா, இரட்டைக் கோடா என்று அட்டையை ஒளியில் உயர்த்திப் பார்க்கும் ஒரு தாயின் கண்கொண்டு நோக்கினால் வேறுவகையாகத் தோன்றும்.

கடிதங்கள் எல்லாம் துன்பத்தையே பேசின என்று கருதுதல் தவறு. காலுறை அனுப்புமாறும், சிகரெட்டும் இனிப்பும் அனுப்புமாறும் கேட்டவை அவற்றுள் உண்டு. தம்பி தங்கையரைப் பற்றிய உசாவலும், சமையற்காரனைப் பற்றிய நகையாடலும் உண்டு.

மார்ச்சுத் திங்களில் ஓர் இரவு, இருளில் வழி தெரியாமல் இடிந்த வீட்டின் நிலவறைக்குள் விழுந்து அவர் தலையில் அடிபட்டார். சில நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு மீண்டும் முன்னணிக்குச் சென்றார். ஏப்ரலில் நடந்த போரில், இரயில்பாதைக் கரையொன்றின் சரிவில் அவர் உறங்கிக்கொண்டிருந்தபோது, தலைக்கு இரண்டு கெச தூரத்தில் பீரங்கிக் குண்டு வெடித்து அவரை வானில் தூக்கி எறிந்தது. அதன்பின் பல நாள்கள், ஒருவர் படுப்பதற்கு மட்டுமே இடமுள்ள ஒரு குழியில், தகரம் ஒன்றை மேலே மூடிக்கொண்டு கிடந்தார். எதிரில் இருந்த இன்னொரு குழியில் அவருடைய தோழரான படைத்தலைவர் ஒருவர் கிடந்தார். அவரை மூடியிருந்தது தகரமன்று, மண். அக்குழியில் இருந்தவருக்கு இனி எந்தப் படையும் வந்து ஓய்வளிக்க இயலாது என்று ஓவென் அன்னைக்கு எழுதினார். பன்னிரண்டு நாள்கள் முகம் கழுவாமலும் காலணி கழற்றாமலும் இருந்த செய்தியும் அதே மடலில் உள்ளது.

உடலில் காயம் இல்லை. ஆயினும் கை நடுங்கிற்று. இரவில் கொடுங்கனவுகள் எழுந்தன. குண்டதிர்ச்சி நோய் என்று மருத்துவர்கள் அதனைக் கூறினர். 1917ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள கிரேக்லாக்கார்ட் மருத்துவமனைக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் ஆர்தர் பிராக், நோயாளியை வேலையில் ஈடுபடுத்துவதே மருந்து என்னும் கொள்கையுடையவர். ஓவென் மருத்துவமனை இதழின் ஆசிரியரானார். அவ்விதழுக்கு ஹைட்ரா என்று பெயர்.

ஆகஸ்டுத் திங்களில் அவருடைய வாழ்வைத் திருப்பிய சந்திப்பு நிகழ்ந்தது. போரை நீட்டிப்பது தவறு என்று வெளிப்படையாக அறிக்கை விடுத்த சீக்பிரீட் சசூன் என்னும் படைத்தலைவர் அதே மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டிருந்தார். அவர் ஏற்கெனவே பெயர்பெற்ற கவிஞர். வீரத்திற்காகப் பதக்கமும் பெற்றவர். ஓவென் அவருடைய நூலின் படிகள் சிலவற்றைக் கையிலேந்தி, கையொப்பம் வேண்டி அவர் அறைக்குக் கூச்சத்தோடு சென்றார். அதுகாறும் ஓவென் எழுதிய கவிதைகள் பெரும்பாலும் பழங்கவிஞர்களைப் பின்பற்றிய அழகுப் பாடல்கள். போரைப் பற்றி அன்னைக்கு எழுதியதுபோலக் கவிதையில் அவர் எழுதியதில்லை. கண்டதையே பாடலாம் என்னும் துணிவு சசூனிடமிருந்து அவருக்குக் கிட்டியது. மடிந்த இளைஞர்க்கு மணியோசையும் இறுதி வழிபாடும் இல்லாமற் போனதைப் பாடிய அவருடைய புகழ்பெற்ற கவிதையைச் சசூன் தம் கையாலேயே திருத்தினார். அத்திருத்தங்களோடு கூடிய கையெழுத்துப் படி இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது.

இவ்வாறு மடல்களில் இருந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிதைகள் ஆயின. பனியில் விறைத்த இரவு ஒரு கவிதையாயிற்று. நிலவறையில் கண்ணிழந்த காவலாள் மற்றொன்று ஆனான். அக்கவிதை நிறைவுற ஓராண்டிற்கு மேல் ஆயிற்று. நச்சுப்புகையில் சிக்கி உயிர்விடும் வீரனைக் காட்டும் கவிதையை 1917ஆம் ஆண்டு அக்டோபரில் எழுதி முடித்தவுடன், அதனை முதலில் அன்னைக்கே அனுப்பினார். நாட்டுக்காக மடிவதைப் புகழும் இலத்தீன் புலவர் ஹொரேசின் அடியொன்றை அந்நாளில் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். அவ்வடியின் சொற்களையே ஓவென் தம் கவிதைக்குத் தலைப்பாக்கி, புகை உண்டு துடிக்கும் ஒருவனைக் கண்டவர் அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கமாட்டார் என்று முடித்தார்.

அவ்வாண்டு முடிவில் மருத்துவமனையினின்று விடுபட்டு, ஸ்கார்பரோ என்னும் கடற்கரை நகரில் இலேசான பணியில் அமர்ந்தார். 1917ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அன்னைக்கு எழுதிய கடிதத்தில், ஓராண்டிற்கு முன் எத்தாப்பிள் பாசறையில் வீரர் முகங்களில் கண்ட ஒரு பார்வையை நினைவுகூர்ந்தார். அது நம்பிக்கை இழந்த பார்வையும் அன்று, அச்சமும் அன்று. இறந்த முயலின் கண்ணைப்போல் எதனையும் காட்டாத பார்வை. அதனை எவரும் ஓவியமாகத் தீட்டவியலாது. அதனைச் சொல்லில் வடிக்கவேண்டுமானால் தாம் மீண்டும் அவர்களிடமே செல்லவேண்டும் என்று குறித்தார். அன்னை அவ்வரியைப் படித்தபோதே, மகன் திரும்பவும் போர்முனைக்குச் செல்வான் என்பதை உணர்ந்திருக்க வேண்டும்.

நண்பர்கள் அவருக்கு இங்கிலாந்திலேயே பணி தேடித்தர முயன்றனர், முயற்சி பலிக்கவில்லை. 1918ஆம் ஆண்டு ஜூலையில் சசூன் போர்முனையில் தலையிற் குண்டடிபட்டு நாடு திரும்பினார். வீரரின் துன்பத்தை எடுத்துச் சொல்லும் குரல் முன்னணியில் இல்லாமற் போயிற்றே என்று ஓவென் எண்ணினார். ஆகஸ்டு இறுதியில் மறுபடியும் பிரான்சுக்குக் கப்பலேறினார். போரை வெறுத்த ஒருவர் தாமே விரும்பிப் போருக்குச் சென்றது முரண்போல் தோன்றும். அதற்கு அவரே தந்த விளக்கம் அன்னைக்கு எழுதிய அக்டோபர் மடலில் உள்ளது. தம் வீரர்க்கு உதவவே அவர் வந்தாராம். நல்ல தலைவராக அவர்களை நடத்திச் செல்வது நேர்முகமான உதவி. அவர்கள் படும் துயரைக் கண்டு, அவர்களுக்காக வழக்குரைப்போன்போல் உலகின்முன் பேசுவது மறைமுகமான உதவி. முதற்பணியைச் செய்து முடித்ததாக அவர் அம்மடலில் எழுதினார்.

முடித்ததாக அவர் குறித்தது, 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் ஜோன்கூர் என்னும் ஊருக்கு அருகில் நிகழ்ந்த போரையாகும். தமக்கு மேலிருந்த தலைவர் வீழவே, ஓவென் அப்படைக் குழுவின் தலைமையை ஏற்று, எதிர்த்தாக்குதலைத் தாங்கி நின்றார். பகைவரின் இயந்திரத் துப்பாக்கி ஒன்றையும் கைப்பற்றினார். அதற்காக அவருக்கு மிலிட்டரி கிராஸ் என்னும் விருது வழங்கப் பரிந்துரைக்கப்பட்டது. அன்னைக்கு எழுதுகையில், தம்மை நிழல்போல் தொடர்ந்துவந்த இளம் வீரன் ஒருவனை அன்னையின் வழிபாட்டிற்கு ஒப்பிட்டார். தாம் கைத்துப்பாக்கியால் சுட்டது ஒருவனை மட்டுமே என்றும், மற்றவரைப் புன்முறுவலாலேயே சிறைப்பிடித்ததாகவும் கூறினார். விருதுக்கான அரசுக் குறிப்போ, கைப்பற்றிய இயந்திரத் துப்பாக்கியைத் தாமே இயக்கிப் பகைவர்க்குப் பெருஞ்சேதம் விளைவித்தார் என்று சொல்கிறது. தாம் பட்ட துன்பத்தை ஒளிக்காத மகனுக்கும், தாம் செய்ததை முழுதும் அன்னையிடம் சொல்ல நா எழவில்லை போலும். தம் தோளில் தலைசாய்த்துக் கிடந்த ஓர் இளைஞனின் குருதியைப் பற்றியும், அதே தோளில் சில வாரங்களுக்கு முன் அன்னையின் தலை சாய்ந்திருந்ததைப் பற்றியும் குறிப்பிட்டு, அதற்குமேல் இப்போது எழுதலாகாது என்று நிறுத்திக்கொண்டார்.

கடைசிக் கடிதம் அக்டோபர் 31ஆம் நாள் எழுதப்பட்டது. ஓர்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகில் காட்டுக் காவலரின் வீடு ஒன்று உண்டு. அதன் நிலவறையில் ஓவெனும் அவருடைய வீரரும் நெருங்கியடித்துத் தங்கியிருந்தனர். ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஆண்டிற்கு முன் அவரைக் கலங்கச் செய்ததும் ஒரு நிலவறையே. இப்போதைய நிலவறையிலோ அடுப்புப் புகை நிறைந்திருந்தது. ஓரடி தொலைவில் எரியும் மெழுகுவத்தியின் ஒளியிற்கூட எழுதுவது கடினமாயிற்று. ஒருவன் விறகு பிளந்தான். ஒருவன் உருளைக்கிழங்கு தோலுரித்தான். சிரிப்பும் கேலியும் எழுந்தன. இங்கே ஆபத்து ஒன்றும் இல்லை என்று அன்னைக்கு எழுதினார். தம்மைச் சூழ்ந்துள்ள இந்நண்பர்களிற் பாதியளவு சிறந்தவர்கூட அன்னையைக் காண வரமாட்டார்கள் என்று மகிழ்ந்து எழுதி முடித்தார். மற்ற வீரர்கள் தம் தாய்மார்க்கு எழுதிவந்த ஆறுதல் மொழியையே கடைசியில் இவரும் எழுதினாரா, அன்றி அப்புகையறையில் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தாரா என்று கேட்கத் தோன்றும். மடலைப் படிப்பவர்க்கு அம்மகிழ்ச்சி பொய்யாகத் தோன்றுவதில்லை.

நவம்பர் 4ஆம் நாள் விடியற்காலை 5.45 மணிக்குச் சாம்பர்–வாஸ் கால்வாயைக் கடக்கும் போர் தொடங்கிற்று. மறுகரையில் ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. பொறியாளர் மிதவைகளை இணைத்துப் பாலம் அமைக்க முயன்றனர். குண்டு மழையில் ஒருவர் பின் ஒருவராய் வீழ்ந்தனர். தம் வீரரை ஊக்கியும், பலகைகளை இடுவதில் உதவியும் கால்வாய் ஓரத்தில் நின்ற ஓவென் குண்டு பாய்ந்து மாண்டார். போர் முடிய இன்னும் ஏழு நாள்களே இருந்தன.

நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் 11 மணிக்குப் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. ஷ்ரூஸ்பரி நகரில் ஆலய மணிகள் முழங்கின. மக்கள் தெருக்களில் கூடி ஆரவாரித்தனர். அம்மணிகள் ஒலித்துக்கொண்டிருக்கும் போதே, மாகிம் என்னும் பெயருடைய அவ்வீட்டின் கதவு தட்டப்பட்டது. தந்தி வந்திருந்தது.

மகனுடைய கவிதைகள் 1920ஆம் ஆண்டில் சசூனின் முன்னுரையோடு நூலாக வெளிவந்தன. 1962ஆம் ஆண்டில், குண்டுவீச்சில் அழிந்து புதிதாக எழுப்பப்பெற்ற கோவெண்ட்ரிப் பேராலயத்தின் விழாவில், பெஞ்சமின் பிரிட்டன் இயற்றிய இசைப்படைப்பில் ஓவெனின் கவிதைகள் ஒன்பது இடம் பெற்றன. 1967ஆம் ஆண்டில் தம்பி ஹெரால்டு, ஜான் பெல் என்பாரோடு சேர்ந்து கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார். அதற்குமுன் குடும்பத்திற்கு ஒவ்வாதவை என்று தாம் கருதிய சில வரிகளை அவர் மையிட்டு மறைத்துவிட்டார். உண்மையை எழுதிய அண்ணனின் மடல்களுக்கு வீட்டிலேயே ஒரு தணிக்கை நேர்ந்தது. ஓர்ஸ் ஊரின் காட்டுக் காவலர் வீடு 2011ஆம் ஆண்டில் நினைவில்லமாக்கப்பட்டது. கடைசி மடலின் சொற்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

ஓவெனின் உடல் ஓர்ஸ் இடுகாட்டிலேயே உள்ளது. கல்லறையிற் பொறிக்க அன்னை மகனுடைய கவிதை ஒன்றிலிருந்தே அடிகளைத் தெரிந்தெடுத்தார். மாண்டவரை மீண்டும் உயிர்ப்பிக்கும் ஆற்றல் உண்டா, இறப்பு அனைத்தும் அழிந்தொழியுமா என்று அக்கவிதை ஐயுற்று வினவுகிறது. இல்லை என்றே முடிகிறது. அன்னையோ இரண்டாவது வினாக்குறியை நீக்கிவிட்டார். அதனால் மகனின் ஐயம் கல்லில் அன்னையின் நம்பிக்கையாக மாறி நிற்கிறது.

1920ஆம் ஆண்டில் இந்தியக் கவிஞர் இரவீந்திரநாத தாகூர் இங்கிலாந்துக்கு வந்திருந்தார். சூசன் அம்மையார் அவருக்கு ஒரு மடல் எழுதினார். மகன் கடைசி முறையாகப் போருக்குப் புறப்படுமுன், இருவரும் வெயிலில் ஒளிரும் கடலைப் பார்த்துப் பிரான்சின் திசை நோக்கி நின்றனராம். அப்போது மகன், விடைபெறுதலைப் பற்றித் தாகூர் கீதாஞ்சலியில் எழுதிய அழகிய அடிகளைச் சொன்னாராம். பின்பு அவருடைய சிறு குறிப்பேடு வீட்டிற்கு வந்தபோது, அதில் அவர் கையாலேயே அவ்வடிகள் எழுதப்பட்டிருந்ததையும், கீழே தாகூரின் பெயர் இருந்ததையும் அன்னை கண்டார். அக்கவிதை முழுவதையும் எந்த நூலிற் காணலாம் என்று அவர் தாகூரைக் கேட்டிருந்தார்.